நீலகிரியில் டேப் ஹேண்டிகேம்: அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

1995ஆம் ஆண்டு டிஜிட்டல் வீடியோ முறை சந்தைக்கு வந்ததிலிருந்து மெமரி கார்டு கேமராக்கள் பரவும் வரை, வீட்டுத் திருமணங்களையும் காதணி விழாக்களையும் ஊர்த் திருவிழாக்களையும் பலர் மினிடிவி (MiniDV) எனும் சிறிய டிஜிட்டல் வீடியோ கேசட்டில்தான் பதிந்து வைத்தனர். உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் வீடுகளின் பீரோக்களில் அந்தக் கேசட்டுகளும் அவற்றைப் பதிந்த கேமராக்களும் இன்றும் இருக்கின்றன. இவ்வகைக் கேமராக்களை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. உதிரி பாகங்களும் அரிது. ஆனால் கேசட்டில் உள்ளதை வெளியே எடுக்க ஓடுகிற கேமரா ஒன்று கட்டாயம் தேவை. கேமரா கெட்டால் பழைய கேமரா வேறொன்றைத் தேடிப் பிடிக்கலாம், கேசட் கெட்டால் மாற்று கிடையாது. ஆகையால் கீழ்க்காணும் ஒவ்வொரு அறிகுறியிலும் முதலில் கேசட்டுக்கு ஆபத்து இல்லாதபடி செய்துகொண்டு, அதன் பிறகே கேமராவைக் கவனிக்கும்படி எழுதியிருக்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை

சோதனைகள் அனைத்தையும் மின் அடாப்டரில் இணைத்தே செய்யுங்கள். பழைய பேட்டரி பாதியில் அடங்கினால், நாடா உள்ளே சுழலும் உருளையைச் சுற்றியிருக்கும் நிலையிலேயே இயந்திரம் நின்றுவிடும். அந்த நிலையில் கேசட்டை எடுப்பது கடினம்.

கேசட் எதுவும் போடாமல் கேமரா நிலையில் இயக்கி, எதிரே உள்ள காட்சி திரையில் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பாருங்கள். அடுத்து, அழிந்தாலும் வருந்தத் தேவையில்லாத கேசட் ஒன்றைப் போட்டு, ஒரு நிமிடம் பதிந்து, திரும்பச் சுற்றி ஓட்டிப் பாருங்கள். நேரடிக் காட்சி நன்றாக இருந்து, பதிந்தது மட்டும் சிதைந்து தெரிந்தால் குறை ஹெட்டிலோ (உருளையில் இருந்து நாடாவில் எழுதிப் படிக்கும் காந்த முனை) நாடா ஓடும் பாதையிலோ இருக்கிறது. நேரடிக் காட்சி கெட்டு, முன்பு நன்றாக ஓடிய கேசட் இப்போதும் நன்றாக ஓடினால் குறை லென்ஸிலோ அதன் பின்னுள்ள ஒளி உணரியிலோ இருக்கிறது. இரண்டும் நன்றாக இருந்து, குறிப்பிட்ட ஒரு கேசட் மட்டும் தொல்லை கொடுத்தால் குறை அந்தக் கேசட்டில் இருக்கலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு: நாடாப் பாதை சற்று விலகிப்போன கேமரா, தான் பதிந்ததைத் தானே பிசிறில்லாமல் ஓட்டிக் காட்டும், பிற கேமராக்களில் பதிந்ததை மட்டுமே சிதைக்கும். எனவே வேறொரு கேமராவில் பதிந்த கேசட் ஒன்றையும் ஓட்டிப் பார்த்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும்.

திரையில் ஈரக் குறியீடு தோன்றுகிறது. கேமரா எந்தப் பொத்தானுக்கும் இணங்கவில்லை

மலையில் மிக அதிகமாகக் காணப்படும் அறிகுறி இதுவே. சோனி கேமராக்களில் ‘சி:21’ என்று தொடங்கும் குறியீடோ நீர்த்துளிப் படமோ தோன்றும். பிற நிறுவனக் கேமராக்களில் ஈரம் உள்ளதென்ற எச்சரிக்கை வாசகம் வரும். உள்ளே உள்ள ஹெட் உருளை நிமிடத்துக்கு 9,000 முறை சுழல்கிறது. அதன் வழவழப்பான பரப்பில் நீர்ப்படலம் ஏற்பட்டால், 6.35 மில்லிமீட்டர் அகலமே உள்ள மெல்லிய நாடா உருளையோடு ஒட்டிக்கொண்டு கசங்கிவிடும். அதைத் தடுக்கவே ஈர உணரி எல்லாச் செயல்களையும் நிறுத்தி, கேசட்டை வெளியேற்றுவதை மட்டும் அனுமதிக்கிறது. ஆகவே இந்தக் குறியீடு கேமரா கெட்டதற்கு அடையாளமன்று. தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பதற்கே அடையாளம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்ததும் குளிர் தாக்கித்தான் இப்படி ஆகிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், சமவெளி வெப்பத்தைத் தாங்கி வரும் கேமரா சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருப்பதால் அதன் மேல் நீர் படியாது. குளிர்ந்த கேமரா சூடான ஈரக் காற்றுக்குள் நுழையும்போதுதான் நீர் படியும். மார்கழி மாதத்து உறைபனியில், பேரகணி ஹெத்தையம்மன் திருவிழாவுக்குச் செல்லும் கூட்டத்தை விடியற்காலையில் படம்பிடித்துவிட்டு, அடுப்பெரியும், வெந்நீர் கொதிக்கும் வீட்டுக்குள் நேராக நுழைந்தால் சில நிமிடங்களில் ஈரம் சேர்ந்துவிடும். உதகையில் இரவு முழுவதும் குளிர்ந்த கேமராவைக் காரில் கீழே கொண்டுசென்று, மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் பையைத் திறந்தாலும் அதே கதிதான்.

தடுக்கும் முறை எளியது. குளிரில் வேலை முடிந்ததும், வீட்டுக்குள் வருவதற்கு முன்பே, கேசட்டை எடுத்துவிட்டு, கேமராவைப் பிளாஸ்டிக் பையில் இட்டு வாயை இறுகக் கட்டிவிடுங்கள். உள்ளே வந்தபின் ஒரு மணி நேரமாவது பையைத் திறக்காதீர்கள். நீர் பையின் வெளிப்புறத்தில் படியும், கேமரா மெல்ல அறையின் வெப்பத்தை அடையும்.

ஈரக் குறியீடு ஏற்கெனவே வந்துவிட்டதென்றால், கேசட்டை வெளியேற்றும் பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். கேசட் வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் கையால் இழுக்காதீர்கள். மின் இணைப்பையும் பேட்டரியையும் நீக்கி, கேசட் அறையின் மூடியைத் திறந்தபடி உலர்ந்த இடத்தில் வையுங்கள். தயாரிப்பாளர்களின் கையேடுகள் ஒரு மணி நேரம் என்கின்றன. ஆனால் தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர் பகுதிகளிலும், வடகிழக்குப் பருவமழையின்போது குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளிலும் அறைக் காற்றே ஈரத்தில் ஊறியிருப்பதால், ஒரு மணி நேரத்தில் எதுவும் உலராது. காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் மணிகளைத் தாராளமாக இட்டு, கேமராவை அதனுள் ஓர் இரவு வைப்பதே இங்கு பலன் தரும். முடி உலர்த்தும் கருவியால் சூடான காற்றை ஊதவே கூடாது. அது ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளுவதோடு பிளாஸ்டிக் பற்சக்கரங்களையும் வளைத்துவிடக்கூடும். நன்கு உலர்ந்த பின்னும், நாட்கள் சென்ற பின்னும் குறியீடு மறையாவிட்டால் உணரியே பழுதாகியிருக்கிறது என்று கொள்ளலாம். அது பழுது பார்ப்பவரின் வேலை.

படத்தில் சதுரக் கட்டங்கள் சிதறுகின்றன. அல்லது படம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரிகிறது

நாடாவில் ஒவ்வொரு தடமும் சாதாரண வேகத்தில் 10 மைக்ரோமீட்டர் அகலம் மட்டுமே உடையது. இந்தியாவில் பயன்படும் பால் (PAL) தொலைக்காட்சி முறையில் ஒரு சட்டகம் 12 தடங்களாகப் பிரித்து எழுதப்படுகிறது. இரண்டு ஹெட்டுகள் மாறி மாறி அவற்றை எழுதுகின்றன. எனவே ஒரு ஹெட்டில் மட்டும் அழுக்கு படிந்திருந்தால், படம் கிடைமட்டப் பட்டைகளாகப் பிரிந்து, ஒன்றுவிட்டு ஒரு பட்டை தெளிவாகவும் மற்றவை உறைந்தும் சிதறியும் தெரியும். இந்தத் தோற்றத்தைப் பார்த்தாலே ஹெட் அழுக்கு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம். இரண்டு ஹெட்டுகளும் அடைபட்டால் படமே வராமல் நீலத் திரை மட்டும் தெரியும். சோனி கேமரா இதனை ‘சி:22’ என்று அறிவிக்கும்.

இதற்கு உலர்ந்த வகைக் கிளீனிங் கேசட் போதும். அதைப் போட்டு ஓட்டும் பொத்தானை அழுத்தி, சுமார் பத்து வினாடிகளில் நிறுத்தி வெளியே எடுங்கள், திரும்பச் சுற்றாதீர்கள். பிறகு பழைய கேசட்டைப் போட்டுச் சோதியுங்கள். தேவையானால் மீண்டும் ஒருமுறை செய்யலாம். அந்த நாடா ஹெட்டைத் தேய்த்தே சுத்தம் செய்கிறது என்பதால், சந்தேகம் வரும்போதெல்லாம் அதை ஓட்டுவது ஹெட்டின் ஆயுளைக் குறைக்கும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து உருளையைத் துடைக்கும் பழக்கம் பழைய விஎச்எஸ் காலத்திலிருந்து வந்தது. இந்தச் சிறிய உருளையில் பஞ்சு இழை ஒன்று ஹெட்டின் முனையில் சிக்கினாலே ஹெட் உடைந்துபோகும். பயிற்சி இல்லாதவர்கள் அதில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

சுத்தம் செய்தும் குறிப்பிட்ட கேசட்டில் மட்டும் கட்டங்கள் தொடர்ந்தால், அந்தக் கேசட்டின் சாளரம் வழியே நாடாச் சுருளின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். வெண்மையாகப் பொடிபோலவோ நூல்போலவோ ஏதேனும் தெரிந்தால் அது பூஞ்சை. மழைக்காலத்தில் அடைத்தே கிடக்கும் பீரோவில் இது தவறாமல் வரும். பூஞ்சை பிடித்த கேசட்டை ஓட்டாதீர்கள். ஒரு கேசட்டின் பூஞ்சை ஹெட்டில் படிந்து அடுத்தடுத்து ஓடும் கேசட்டுகளுக்கெல்லாம் பரவும். அப்படிப்பட்டவற்றைத் தனி டப்பாவில் சிலிகா ஜெல்லோடு பிரித்து வைத்து, நாடா சுத்தம் செய்யும் வசதி உள்ளவர்களிடம் கொடுங்கள்.

பூஞ்சை இல்லாமலும் நெடுங்காலம் ஓடாமல் கிடந்த கேசட்டில் சுருள் இறுக்கம் சீராக இருக்காது. அதை ஒருமுறை கடைசி வரை முன்னோக்கிச் சுற்றி, மீண்டும் தொடக்கத்துக்குச் சுற்றிய பின் ஓட்டினால் பல நேரங்களில் சிதறல் குறையும். நீண்ட நேரம் பதிவதற்கான எல்பி முறையில் தடத்தின் அகலம் 6.67 மைக்ரோமீட்டராகச் சுருங்குவதால், அம்முறையில் பதிந்த கேசட்டை வேறு கேமராவில் ஓட்டினால் கட்டங்கள் வருவது இயல்பு. பதிந்த அதே கேமரா கிடைக்குமா என்று உறவினர்களிடம் விசாரிப்பதே அதற்கு முதல் மருந்து.

கேசட் உள்ளே சிக்கிக்கொண்டது. அல்லது போட்டதும் வெளியே தள்ளுகிறது

‘சி:31’, ‘சி:32’ ஆகிய குறியீடுகள் நாடாவை இழுத்து உருளையில் சுற்றும் இயந்திரம் பாதியில் தடுமாறியதைக் காட்டுகின்றன. முதலில் ஈரக் குறியீடு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதன்பின் பேட்டரி, அடாப்டர் இரண்டையும் சிறிது நேரம் நீக்கிவிட்டு, அடாப்டரை மட்டும் இணைத்து வெளியேற்றும் பொத்தானை அழுத்துங்கள். மூடியை அடைக்கும்போது நேரும் தவறே பாதிச் சிக்கல்களுக்குக் காரணம்: உள் தட்டில் அழுத்துமாறு குறிக்கப்பட்ட இடத்தை மட்டும் மெல்ல அழுத்தி, அது தானாக உள்ளே இறங்கி நின்ற பிறகே வெளிமூடியைச் சாத்த வேண்டும். வெளிமூடியால் உள் தட்டைத் தள்ளினால் அதன் கைகள் வளைந்துவிடும்.

சோனி கேமராக்களில் ‘சி’ என்று தொடங்கும் குறியீடுகள் பயன்படுத்துபவரே சரிசெய்யக்கூடியவை. ‘இ’ (E) என்று தொடங்குபவை பழுது பார்ப்பவரிடம் கொடுக்க வேண்டியவை. இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தால் வீணாகக் கோவைக்கு இறங்கி ஏறும் அலைச்சல் குறையும்.

பழைய கேசட் நன்றாக ஓடுகிறது. ஆனால் நேரடிக் காட்சி கறுப்பாகவோ ஊதா நிறத்தில் உருக்குலைந்தோ தெரிகிறது

லென்ஸ் மூடி திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள். 2002 முதல் 2004 வரையிலான காலத்தில் சோனி தயாரித்து, பல நிறுவனங்களின் கேமராக்களிலும் பொருத்தப்பட்ட சிசிடி எனும் ஒளி உணரிகள் சிலவற்றில் உட்கம்பி இணைப்புகள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் விட்டுப்போயின. 2005ஆம் ஆண்டு அந்நிறுவனங்கள் அறிவிப்பு வெளியிட்டு, பாதிக்கப்பட்ட மாதிரிகளை இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. அந்தச் சலுகையை இன்று எதிர்பார்க்க முடியாது. ஆயினும் இத்தகைய கேமராவைத் தூக்கி எறிய வேண்டாம்: அதன் நாடாப் பகுதி நலமாக இருப்பதால், கேசட்டுகளைக் கணினிக்கு ஏற்றும் வேலைக்கு அது முழுத் தகுதி உடையது. படம்பிடிக்க முடியாத கேமரா என்று பழைய பொருள் விற்பவர்கள் மலிவாகக் கொடுப்பதை இந்த வேலைக்கென்றே வாங்கலாம்.

காட்சி வெளிறி, மங்கலாகவோ சிலந்தி வலை போன்ற கோடுகளோடோ தெரிந்தால் அது லென்ஸுக்குள் வளர்ந்த பூஞ்சை. வெளிக் கண்ணாடியைத் துடைத்துப் பயனில்லை. வளர்ச்சி தொடராமல் இருக்க உலர்ந்த டப்பாவில் வையுங்கள்; டப்பாவில் உள்ள நீலச் சிலிகா ஜெல் இளஞ்சிவப்பாக மாறியதும் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம்; சமையலுக்கு எடுக்காத வாணலியாக இருக்கட்டும்.

மூடுபனியில் படம் முன்னும் பின்னும் கூர்மை தேடி அலைகிறது

இது பழுதே அன்று. தானியங்கிக் கூர்மை வசதி (ஆட்டோ ஃபோகஸ்), ஒளி மாறுபாடு உள்ள விளிம்புகளைத் தேடிப் பிடிக்கிறது. தொட்டபெட்டாவிலும் கொடைக்கானலிலும் வெண்மேகம் மூடிய காட்சியில் அதற்கு விளிம்பு எதுவும் அகப்படுவதில்லை. கூர்மையைக் கைமுறைக்கு மாற்றி, தொலைவில் நிறுத்தி வையுங்கள். பனி சாம்பல் நிறமாகத் தெரிந்தால் ஒளியளவைச் சற்றுக் கூட்டுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பாவோ மாமாவோ கொண்டுவந்து கொடுத்த கேமராவில் வீட்டுக் குழல்விளக்கின் கீழ் படம் துடித்தால், அது என்டிஎஸ்சி எனும் அமெரிக்கத் தொலைக்காட்சி முறைக் கேமராவாக இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்தத் துடிப்பு வருகிறது. ஷட்டர் வேகத்தை 1/100க்கு வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

படம் இருக்கிறது, ஒலி இல்லை

இந்த முறையில் ஒலியும் படமும் ஒரே சுழலும் ஹெட்டுகளால் ஒரே தடத்தில் எழுதப்படுகின்றன. ஆகவே படம் தெளிவாக இருந்து ஒலி மட்டும் இல்லையென்றால் ஹெட்டைக் குறை கூற இடமில்லை. 12 பிட் ஒலியில் பதிந்த கேசட்டில் இரண்டு ஸ்டீரியோ இணைகள் உண்டு. முதல் இணையில் அசல் ஒலியும், இரண்டாவது இணையில் பின்னர் சேர்த்த ஒலியும் இருக்கும். கேமராவின் பட்டியலில் ஒலிக் கலவை இரண்டாவது இணைப் பக்கம் முழுதும் தள்ளப்பட்டிருந்தால் அசல் ஒலி கேட்காது. அதை முதல் இணைப் பக்கம் திருப்பினால் போதும். புதிதாகப் பதியும்போதும் ஒலி வராவிட்டால், வெளி மைக் செருகும் துளையில் ஏதேனும் பாதி செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தேதி ஒவ்வொரு முறையும் அழிந்துவிடுகிறது. பேட்டரி குளிரில் நிற்பதில்லை

தேதியைக் காக்கும் சிறு உள் பேட்டரி பல மாதிரிகளில் அடாப்டரை ஒரு நாள் இணைத்து வைத்தால் மின்னேற்றம் பெறும். லித்தியம் அயான் பேட்டரி குளிரில் தன் கொள்ளளவில் ஒரு பகுதியைத் தற்காலிகமாக இழக்கும். மாற்றுப் பேட்டரியை ஸ்வெட்டரின் உட்பையில் வைத்திருங்கள். புதிய மலிவுப் பேட்டரி போட்டதும் சோனி கேமரா ‘சி:04’ காட்டினால் அது அந்தக் கேமராவுக்கு ஏற்ற பேட்டரி அன்று.

கணினி கேமராவைக் கண்டுகொள்ளவில்லை

முழுத் தரத்தில் படத்தை எடுப்பதற்கான வழி ஃபயர்வயர் (1394) எனும் கேபிள் இணைப்பு ஆகும். சோனி அதனை ஐ.லிங்க் என்று அழைத்தது. பல மாதிரிகளில் யூஎஸ்பி துளையும் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் புகைப்படங்களுக்கும் தரம் குறைந்த படத்துக்கும் மட்டுமே பயன்படுகிறது. கடைகளில் கிடைக்கும், ஒரு முனை யூஎஸ்பியும் மறுமுனை ஃபயர்வயரும் ஆன சாதாரணக் கேபிளை வாங்காதீர்கள். இரண்டின் பேச்சுமுறையும் வேறு என்பதால் முனைகளை மட்டும் மாற்றிய கேபிள் எந்தக் கேமராவையும் கணினியோடு சேர்க்காது. ஃபயர்வயர் அட்டை பொருத்திய பழைய மேசைக் கணினியே மலிவான, நம்பகமான தீர்வு. விண்டோஸ் 10இல் கேமரா தெரியாவிட்டால் மைக்ரோசாஃப்ட் வழங்கிய பழைய 1394 டிரைவரை நிறுவிப் பாருங்கள். ஆப்பிள் 2025இல் வெளியிட்ட மேக்ஓஎஸ் 26இல் ஃபயர்வயர் ஆதரவு நீக்கப்பட்டது. மேக் வைத்திருப்பவர்கள் அதற்கு முந்தைய பதிப்பில் நிற்க வேண்டும்.

கேபிளைச் செருகும்போது இரு கருவிகளையும் அணைத்துவிடுங்கள். கணினிப் பக்கத்து ஆறு ஊசி முனையில் மின்சாரமும் வருகிறது. தேய்ந்த துளையில் அதைத் தலைகீழாகத் திணித்தால் கேமராவின் துளை ஒரு நொடியில் கருகும், அதன்பின் அந்தக் கேமரா இந்த வேலைக்கு உதவாது.

பதிவு சுமார் 18, 19 நிமிடத்தில் நின்றுவிட்டால் கேசட்டைச் சந்தேகிக்க வேண்டாம். ஒரு மணி நேரப் பதிவு ஏறக்குறைய 13 ஜிபி ஆகும். ஃபேட்32 முறையில் அமைத்த வட்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. வட்டை என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும். அதில் ஏற்கெனவே உள்ள கோப்புகளை முன்பே வேறிடத்தில் பாதுகாத்துக்கொள்ளுங்கள்.

கணினித் திரையில் அசையும் உருவங்களின் ஓரங்களில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரிந்தால், அது ஒரு சட்டகம் இரண்டு புலங்களாகப் பிரித்துப் பதியப்படுவதன் விளைவு. பழைய தொலைக்காட்சியில் அது தெரியாது. பார்க்கும் மென்பொருளில் புலச்சேர்ப்பு (டீஇன்டர்லேஸ்) வசதியை இயக்கினால் கோடுகள் மறையும். உறவினர்களுக்கு அனுப்பச் சிறிய பிரதி எடுக்கும்போது அந்தப் பிரதியில் மட்டும் கோடுகளை நீக்குங்கள். கேசட்டிலிருந்து நேராக இறங்கிய கோப்பை எந்த மாற்றமும் செய்யாமல் இரண்டு வட்டுகளில் வைத்து, அவற்றில் ஒன்றைக் கீழே சமவெளியில் உள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.